தோபியாவின் பின்னே சென்ற நாய்

தோபித்து நூலை வாசிப்போர் பலரும் கவனியாது கடந்துபோகும் வழித்துணை ஒன்று அதில் உண்டு. இளைஞன் தோபியா இரபேல் வானதூதரோடு நெடும்பயணம் புறப்பட்டபோது ஒரு நாயும் உடன் சென்றது. வீடு திரும்புகையிலும் வந்தது. அதன் நிறமோ பெயரோ சொல்லப்படவில்லை. வானதூதர் அதை விரட்டியதாகவும் எழுதப்படவில்லை!

இந்த நாயை நமக்கு நினைவூட்டியது நம் பங்கின் அன்பியம் ஒன்றில் எழுந்த பிணக்கு. கணவரை இழந்து, மக்களும் வெளியூர் சென்றுவிடத் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் நாய் வளர்த்து வருகிறார். அது குரைத்ததில் அண்டை வீட்டுக் குழந்தை அஞ்சி அலறியது. பேச்சு முற்றியது. "நாய் இருக்கும் வீட்டில் செபக்கூட்டம் வேண்டாம்" என்றனர் சிலர். அன்றுமுதல் மூதாட்டி எவர் வீட்டுக் கூட்டத்திற்கும் வருவதில்லை. நாயை விலக்கப் போய் ஒரு சகோதரியையே விலக்கிவிட்டோம்.

குழந்தையின் அச்சத்தையும் நாம் எள்ளலாகாது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் அது தடுக்கக்கூடிய நோய். 1885 ஜூலை 6 அன்று, கடிபட்ட ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பு மருந்து அளித்தார், சிறுவன் பிழைத்தான். நமது குன்னூரில் 1907-லேயே பாஸ்டர் நிலையம் தோன்றியது. இத்தனைக்குப் பின்னும் கடிவாயில் மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்புகிறோமே, இதை என்னவென்பது? சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடித்தது வீட்டு நாய்தானே என்று இருந்துவிடுதல் தகாது.

நாய் வளர்ப்போருக்கும் கடமை உண்டு. குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் தடுப்பூசி, பின்னர் கால்நடை மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசி. அந்தச் சீட்டை அடுத்த வீட்டாரிடம் காட்டினால் பாதிச் சண்டை தீரும். தெருவில் சங்கிலியின்றி விடாதிருத்தலும், அது அசுத்தம் செய்த இடத்தைத் தாமே துப்புரவு செய்தலும் அயலாரன்பின் பாற்பட்டவையே. உண்ணும் நாயையும் குட்டி ஈன்ற நாயையும் நெருங்கலாகாது என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரட்டும்.

கொள்ளைநோயுற்றுக் காட்டில் கிடந்த புனித ரோக்குக்கு அப்பம் கொணர்ந்தது ஒரு நாய் என்பது மரபு. வனத்து அந்தோணியார் திருநாளான ஜனவரி 17-இல் விலங்குகளை மந்திரிக்கும் வழக்கமும் பழையது; மாட்டுப் பொங்கலை ஒட்டி வரும் அந்நாளில் நம் ஆலய முற்றத்தில் நாய்களுக்கும் இடம் தரலாமே! விலங்குகளிடம் பரிவு கொள்ளப் பணிக்கும் திருச்சபையின் மறைக்கல்வி, மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மேல் செலுத்தலாகாது எனவும் எச்சரிக்கிறது. ஆனால் பேச வேறு ஆளில்லாத ஒருவர் நாயோடு பேசினால், குறை அவரிடமா, நம்மிடமா?

சென்ற மாதம் அன்பியத்தார் நால்வர் மூதாட்டியின் வீடு சென்று மன்னிப்புக் கேட்டனர். அடுத்த செபக்கூட்டம் அவர் வீட்டு முற்றத்திலேயே நடந்தது. நாய் கொல்லையில் கட்டப்பட்டிருந்தது. செபமாலையின் நடுவே இருமுறை குரைத்தது. குழந்தை தாயின் மடியை விட்டு இறங்கவில்லை, ஆயினும் அழவில்லை.