தினைக்கொல்லையும் கூண்டுக் குருவியும்

புல் கதிர் தள்ளும் பருவத்தில் புளியஞ்சோலை அய்யாற்றங்கரையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். கைக்குள் அடங்கும் குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். தண்டுக்கு ஒன்றாக உட்கார, பாரம் தாங்காமல் கதிர் வளையும். குருவி ஒரு விதையை உருவி, அலகுக்குள்ளேயே உருட்டி, உமியை வெளியே தள்ளிவிட்டுப் பருப்பை மட்டும் விழுங்கும். அடுத்த விதைக்குப் போக அதற்கு இரண்டு நொடிகூட ஆகாது. இவைதான் சில்லைகள், தினைக்குருவி என்றும் சொல்வார்கள். ‘ஃபிஞ்ச்’ என்று இன்று கூண்டில் வைத்து விற்கப்படும் சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்த ஆறு இறங்கி வரும் கொல்லிமலையில் அன்று ஒரே தானியத்தை நம்பி யாரும் பயிர் வைக்கவில்லை. மலையாளிப் பழங்குடி மக்களின் கொல்லைகளில் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு எல்லாம் இருந்தன. சாமையிலேயே பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச்சாமை என்று ரகங்கள் உண்டு. தினையில் செந்தினை, பெருந்தினை, பாலந்தினை. கேழ்வரகில் சுருட்டைக் கேழ்வரகு, காரக்கேழ்வரகு. ஒன்று முந்தி விளையும், இன்னொன்று பிந்தி விளையும். மனிதருக்குக் களியும் சோறும் மாறி மாறிக் கிடைத்தன. கொல்லையோரப் பறவைக்கோ பால்பிடித்த மணி, முற்றிய மணி, களைப்புல்லின் விதை, மழைக்குப் பின் கிளம்பும் ஈசல் என்று தீனி மாறிக்கொண்டே இருந்தது. சங்க காலத்திலிருந்து தினைப்புனத்துக்குக் காவல் போட்ட நாடு இது. விரட்டினாலும் பறவைக்கும் அந்த விளைச்சலில் ஒரு பங்கு போய்க்கொண்டுதான் இருந்தது.

இன்று மலைமேல் அதிகம் கண்ணில் படுவது மரவள்ளி. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்வதால் கையில் காசு வருகிறது. காப்பி, மிளகு, அன்னாசியும் இடம் பிடித்துவிட்டன. ரேஷன் கடையில் அரிசி கிடைத்தபின், சாமையை உரலில் போட்டு உலக்கையால் குத்தி உமி நீக்கும் பாட்டைப் பெண்கள் எதற்காகப் பட வேண்டும்? அந்த உழைப்பின் கடுமை தெரிந்தவர் யாரும் அவர்களைக் குறை சொல்ல மாட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இம்மலையில் நாட்டு ரகங்களைக் காக்கவும், உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவரவும் பாடுபட்டிருக்கிறது. 2023-ஐ ஐ.நா. சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஆனாலும் போன ரகங்கள் எல்லாம் கொல்லைக்குத் திரும்பிவிடவில்லை.

கூண்டின் கதையும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் கூண்டுக் குருவி என்றால் காட்டில் வலை போட்டுப் பிடித்த சில்லைதான். சிவப்புச் சில்லையும் கருந்தலைச் சில்லையும் சந்தைகளில் நெருக்கியடித்த கூண்டுகளில் வந்தன. நிறம் போதாது என்று சாயம் பூசி விற்றவர்களும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 1990-91-இல் நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை விற்பது முழுமையாகத் தடை செய்யப்பட்டது. இன்று கடைகளில் முறைப்படி விற்கப்படுபவை கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகிய அயல்நாட்டு இனங்கள். ஆஸ்திரேலியாவின் வரிக்குருவியான ஜீப்ரா ஃபிஞ்ச் அவற்றில் முதலாவது. பெங்காலி ஃபிஞ்ச் என்பது வெண்முதுகுச் சில்லையின் வளர்ப்பு வடிவம். சில நூற்றாண்டுகளுக்கு முன் ஜப்பானில் வளர்த்துப் பழக்கப்படுத்தியது. அதன் காட்டுச் சொந்தங்கள் நம் மலைகளில் இன்றும் பறக்கின்றன.

ஆனால் தீனி மட்டும் மாறவில்லை. ஒரு கிண்ணம் தினை, ஒரு கிண்ணம் தண்ணீர். பல வீடுகளில் இன்றும் இவ்வளவுதான். காய்ந்த தினையில் மாவுச்சத்து உண்டு, ஓரளவு புரதமும் உண்டு. சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏ-யும் மிகக் குறைவு. அதை மட்டுமே தின்ற பெட்டை முட்டையிடும் காலத்தில் தன் எலும்பிலிருக்கும் சுண்ணாம்பை எடுத்து ஓடு கட்டும். அதுவும் போதாதபோது முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும். காலையில் கூண்டின் தரையில் இறகு சிலிர்த்துக் குந்தியிருக்கும் பெட்டையைப் பலர் குளிர் என்று நினைத்துவிடுகிறார்கள். பல நேரம் பறவை மருத்துவரிடம் போவதற்குள் முடிந்துவிடுகிறது.

அன்றைய கொல்லை கொடுத்த வகைவகையான தீனியைக் கூண்டுக்குள் கொண்டுவருவது பெரிய செலவில்லை. உமியோடு கூடிய தினை, சாமை, பனிவரகோடு கேழ்வரகையும் கலந்து வையுங்கள். சமையலுக்கென்று உமி நீக்கி விற்கும் அரிசி வேண்டாம்; உமியுள்ள மணிதான் கெடாமல் நிற்கும், பறவைக்கு உரித்துத் தின்னும் வேலையும் தரும். வாரத்தில் சில நாள் அதே தானியத்தை ஊறவைத்து, முளை எட்டிப் பார்த்ததும் நன்றாக அலசிக் கொடுங்கள். சில மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். மருந்து தெளிக்காத இடத்தில் பறித்த பச்சைப் புல்கதிர், முருங்கைக்கீரை, சிறுகீரை நல்லவை. குஞ்சு இருக்கும்போது ஓட்டோடு மசித்த அவித்த முட்டை வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும். உப்புப் போக ஊறவைத்துக் காயவைத்துக் கம்பியில் செருகினால் பறவை வேண்டும்போது கொத்திக்கொள்ளும். வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் பறவைக்கு நஞ்சு. உப்புச் சேர்த்த தின்பண்டமும் கூடாது.

இன்னொன்று, தினமும் பார்க்க வேண்டியது. கிண்ணம் நிறைந்திருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். குருவி உமியைக் கிண்ணத்திலேயே உதிர்த்துவிட்டுப் போகும். மேலே தெரிவது முழுக்க உமியாக இருக்கலாம். லேசாக ஊதினால் உமி பறந்து, அடியில் எத்தனை மணி மிச்சம் என்று தெரிந்துவிடும். சுமார் 12 கிராம் எடையுள்ள உடம்பு ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது.

மலையில் தானிய வகை குறைந்ததற்கும் கூண்டில் தீனி ஒன்றாகிப் போனதற்கும் காரணம் ஒன்றுதான்: எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதோடு நின்றுவிட்டோம். மலையில் சாமை விதைக்கிறவருக்கு நல்ல விலை கிடைத்தால் அவர் விதைப்பார். நம் சோற்றுக்கும் நம் குருவிக்கும் சிறுதானியம் கேட்டு வாங்குவது அதற்கு ஒரு சிறிய கைகொடுப்பு. குருவி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கூண்டில் வளர்ந்த பறவையை மட்டும் வாங்குங்கள். யாராவது காட்டுச் சில்லையைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாங்கிய பறவைக்கு ஒரே தீனியைப் போட்டுவிட்டு வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளாதீர்கள். நான்கு தானியமும் ஒரு கைக்கீரையும் கொடுக்க முடியாதவர் கூண்டு வாங்காமல் இருப்பதே நல்லது.