தலைமைக் கடிகாரத்துக்கு மீண்டும் உயிர்

தொழிற்சாலையின் ஒரு கூடத்தில் மணி எட்டு. அடுத்த கூடத்தில் எட்டே கால். வேலைக்கு வந்தவர் தாமதித்தாரா, இல்லையா? கூலியைத் தொடும் இக்கேள்விக்கு இங்கிலாந்தில் கிடைத்த விடைகளுள் ஒன்று மின்சாரத் தலைமைக் கடிகாரம். பிராங்க் ஹோப்-ஜோன்ஸ், ஜார்ஜ் பவெல் ஆகிய இருவரும் 1895-இல் காப்புரிமை பெற்ற சிங்க்ரோனோம் முறை அவற்றுள் புகழ் பெற்றது.

இதன் ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் செல்ல ஒரு விநாடி ஆகும். அது போய்வரும் ஒவ்வொரு முறையும் 15 பற்களுள்ள சக்கரத்தில் ஒரு பல் நகரும். 30 விநாடிக்கு ஒருமுறை சிறு நெம்புகோல் விழுந்து ஊசலை மெல்லத் தள்ளும். உடனே மின்சுற்று மூடி, காந்தம் அதனை மீண்டும் தூக்கி வைக்கும். அதே மின்னோட்டம் ஒரே வரிசையில் இணைந்த துணைக் கடிகாரங்கள் அனைத்தையும் அரை நிமிடம் முன்னேற்றும். ஓரிடத்தில் கம்பி அறுந்தாலோ, துணைகள் மட்டுமன்றித் தலைமையும் நின்றுவிடும்!

இத்தகைய பழங்கடிகாரங்களை இன்றும் சிலர் ஆர்வத்துடன் செப்பனிடுகின்றனர். அவர்கள் கையாளும் முறையை நாம் அறிதல் நலம். இடம் மாற்றுமுன் ஊசலைக் கழற்றிவிட வேண்டும். அதனைத் தாங்கும் மெல்லிய வில்தகடு முறுகினால் பயனற்றுப் போகும். பழைய கம்பிகளில் சுற்றிய பருத்தி நூல் உறை இற்றுப்போயிருந்தால் கம்பியை மாற்ற வேண்டும். மின்தொடர்பு முனைகளில் எண்ணெய் படலாகாது.

மின்சாரம் அளிப்பதில்தான் பெரும்பிழை நேர்கிறது. இக்கடிகாரத்துக்கு வேண்டியது ஏறத்தாழ 0.33 ஆம்பியர். சுருள்களின் மொத்த மின்தடை 12 ஓம் எனில் 4 வோல்ட் போதும். 12 வோல்ட் மின்கலத்தை அப்படியே இணைத்தால் மும்மடங்கு மின்னோட்டம் பாயும். முனைகள் பொறியால் அரிக்கப்படும், சுருள்களுக்கும் கேடு. 24 ஓம் தடையைக் கூடுதலாக வரிசையில் சேர்த்தால் அளவு சரியாகும். துணைக் கடிகாரம் ஒன்றை நீக்கும்போதும் அதற்கு ஈடான தடையை அவ்விடத்தில் வைத்தல் வேண்டும்.

நின்றுபோனதை இயக்க மிகுந்த ஆற்றலைப் பாய்ச்சுவது எளிது. அது தாங்கும் அளவை முதலில் கணக்கிடுவதே கடமை. நலிந்த சங்கத்துக்குக் கடன் பரிந்துரைக்கும் வேளையிலும் இதனை நாம் மனத்திற் கொள்வோமாக.