உஷார்! வீங்காத மடியிலும் நோய் இருக்கும்

எருமை வளர்ப்பவர்களே, கவனம்! ‘மடிநோய்க்கு ஊசி வந்திருக்கு, போட்டால் பால் கூடும்’ என்று யாராவது தொழுவத்துக்கே வந்து சொன்னால், பணத்தை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

தடுப்பூசி பாலைச் சுரக்க வைக்காது. நோயால் வீணாகப் போகும் பாலைக் காப்பாற்றித் தரும். அதுவும் முன்கூட்டியே போட்டால்தான். மடி வீங்கி இறுகி, பால் திரிதிரியாக வரத் தொடங்கிவிட்டால் தேவை சிகிச்சை. அப்போது தடுப்பூசி உதவாது.

ஐரோப்பாவில் 2009-ல் அனுமதி பெற்ற ‘ஸ்டார்ட்வேக்’ ஊசியைப் பாருங்கள். கன்று ஈனுவதற்கு 45 நாள் முன்பு ஒன்று, 10 நாள் முன்பு ஒன்று, ஈன்ற 52-ம் நாள் வாக்கில் மூன்றாவது. பசுக்களுக்கென்று வந்த ஊசி அது. நோயின் கடுமையைத் தணிக்குமே தவிர, முழுக்கத் தடுத்துவிடாது. உங்கள் எருமைக்கு எந்த ஊசி, எப்போது என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ‘கோமாரி ஊசி போட்டாச்சே’ என்றும் இருந்துவிடாதீர்கள். அது மடியைக் காக்காது.

பெரிய ஆபத்து, வெளியே தெரியாத மடிநோய். மடி வீங்காது, பாலும் வெள்ளையாகவே இருக்கும்; கறவை மட்டும் குறையும். தீவனத்தைக் குறை சொல்லியே மாதங்கள் ஓடிவிடும். இதைக் கண்டுபிடிக்க ‘கலிபோர்னியா’ சோதனை இருக்கிறது. நான்கு காம்பின் பாலையும் நான்கு குழியுள்ள தட்டில் தனித்தனியே பீய்ச்சி, சோதனைக் கரைசலை ஊற்றிச் சுழற்றினால், நோயுள்ள காம்பின் பால் மட்டும் கூழாகக் கெட்டிப்படும். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

நோய் வராமல் தடுக்கக் கறவையிலும் கவனம் வேண்டும். கட்டைவிரலை மடக்கிக் கறக்காதீர்கள். காம்பு உள்ளுக்குள் புண்ணாகும். கறந்து முடித்தபின் காம்புத் துவாரம் மூட அரைமணி நேரமாவது ஆகும். அதற்குள் எருமை சாணத்திலோ சேற்றுக் குட்டையிலோ படுத்தால் கிருமி நேரே உள்ளே போகும். கறந்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் நனைத்து, தீவனம் போட்டு நிற்க வையுங்கள். நோயுள்ள எருமையைக் கடைசியாகக் கறக்க வேண்டும். ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்றவே கூடாது.

சினை எருமை நிற்கிறதா? ஈனும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் மடியைக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் அவசரம் என்றால் 1962-ஐ அழையுங்கள். ஒரு காம்பு அடைபட்டுப் போனால், அந்தப் பக்கத்துப் பால் திரும்புவது அரிது.