தண்ணி வராத போர்க்குழியை அப்படியே விடாதீங்க!

திருச்சி:
தண்ணி இருக்கான்னு பார்க்க ஒரு துளை. கிடைக்கலைன்னா ரிக் லாரி அடுத்த ஊருக்கு கிளம்பிடும். குழி மட்டும் அங்கேயே வாயைப் பிளந்துக்கிட்டு கிடக்கும். அந்த குழி எவ்வளவு பெரிய எமன் என்பதை மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டி சம்பவம் காட்டியது.

2019 அக்டோபர் 25-ந்தேதி மாலை, பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளை கிணற்றில் 2 வயது குழந்தை தவறி விழுந்தது. மீட்பு பணி நடக்கும்போதே 88 அடி ஆழத்துக்கு நழுவியது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்ட ராட்சத ரிக் எந்திரங்கள் வந்தன. கடினப் பாறை குறுக்கிட்டதால் வேலை இழுத்தது. 80 மணி நேரத்துக்கு மேல் போராடியும் பலனில்லை. 29-ந்தேதி அதிகாலை குழந்தை பிணமாகத்தான் மீட்கப்பட்டது.

ஸ்ரீரங்கம் வேற, மணப்பாறை வேற

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவு ஸ்ரீரங்கம். ஆறு கொண்டு வந்த மணலும் வண்டலும்தான் இங்கே தரை. அதனால் அதிக ஆழம் போகாமலே தண்ணி கிடைக்கும். ஆனா மணல் சரியும். கேசிங் பைப்பை சரியா இறக்கலைன்னா குழி தூர்ந்துவிடும்.

மணப்பாறை பக்கம் மண்ணுக்கு கீழே பாறை. மலைக்கோட்டை மாதிரி கடினப் பாறையில் விரிசல் இருந்தால்தான் தண்ணி. விரிசல் மாட்டலைன்னா எத்தனை நூறு அடி போனாலும் கல் தூள்தான் பறக்கும். 'ஆழம் போனா தண்ணி நிச்சயம்' என்பது தப்புக் கணக்கு.

தரையில் கம்பி அடித்து, லேசாக மின்சாரம் செலுத்தி பார்க்கும் ஆய்வு உண்டு. ஈரமான விரிசலில் மின்சாரம் எளிதாகப் பாயும். காய்ந்த பாறையில் பாயாது. இதுவும் மதிப்பீடுதான். துளை போட்ட பிறகே உண்மை தெரியும்.

இடத்துக்கு என்ன ஆகும்?

ஒரே விரிசலில் இரண்டு போர் இருந்தால், புது போர் உறிஞ்ச உறிஞ்ச பக்கத்து வீட்டு போரில் தண்ணி குறையும். மூடாத குழி வழியாக சாக்கடையும் அழுக்கு மழைநீரும் நேராக நிலத்தடிக்கு இறங்கும். அந்த தண்ணியைத்தான் தெருவே குடிக்கணும்.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

இப்படிப்பட்ட சாவுகளைத் தடுக்க சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் நெறிமுறைகள் வகுத்தது.

* போர் போடும் முன் 15 நாள் அவகாசத்தில் அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கணும்.
* ரிக் நிறுவனம் பதிவு பெற்றிருக்கணும்.
* வேலை நடக்கும் இடத்தில் வேலியும் அறிவிப்பு பலகையும் வேணும்.
* கேசிங் பைப்பை சுற்றி சிமெண்டு மேடை கட்டணும்.
* வாயை இரும்பு தகடு வைத்து வெல்டிங் செய்யணும், அல்லது மூடி போட்டு போல்ட் முடுக்கணும்.
* மோட்டாரை ரிப்பேருக்கு தூக்கும்போதும் குழியை திறந்து போடக்கூடாது.
* கைவிட்ட குழியை அடியிலிருந்து தரை மட்டம் வரை நிரப்பணும்.

ஊராட்சி பகுதிகளில் கிணறு தோண்ட அனுமதி வாங்கணும் என்று தமிழக அரசின் 2015-ம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன.

சாக்குப்பை, பலகைக்கல் எல்லாம் மூடி ஆகாது. மேலே மட்டும் மண்ணைக் கொட்டினால் மழையில் உள்வாங்கி மறுபடி குழி திறக்கும். களிமண், மணல், கூழாங்கல் எது வேணும்னாலும் போடலாம். தோண்டும்போது வெளியே வந்த கல் தூளையே திருப்பிக் கொட்டலாம். ரிக் லாரி கிளம்பும் முன்பே அந்த வேலையை முடிச்சிடுங்க!