தொண்ணூறு வயதிலும் வளரும் தசை



அறுபதைத் தாண்டிய ஒருவர் மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டால், "வயது போன காலத்தில் உங்களுக்கு ஏன் அப்பு இந்த வேலை? பேசாமல் கதிரையில் இருங்கோ" என்று பிள்ளைகள் அதனைப் பறித்து வைப்பது நம்மவர் வழக்கம். அன்பினாற் செய்யும் காரியந்தான். ஆனால் அந்த அன்பு முதியவரின் கால்களுக்கு நன்மை செய்கின்றதா என்பது வேறு கேள்வி.

இக்கேள்வியைத் துணிந்து ஆராய்ந்தவர் மரியா ஃபியாட்டரோன் சிங் என்னும் வைத்திய அறிஞர். பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கியவர். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், முதியோர் வாழும் வைத்திய நிலையமொன்றில் அவரும் சகாக்களும் நடத்திய ஆராய்ச்சி 1990ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் பங்குபற்றியவர் பத்துப் பேர். வயது 86 முதல் 96 வரை. யாவரும் மெலிந்து தளர்ந்தவர்கள். மூவருக்குக் கையை ஊன்றாமற் கதிரையை விட்டு எழவே இயலாது.

இவர்களுக்கு அவர் விதித்தது மெல்லிய உலாவன்று, பாரந்தூக்கும் பயிற்சி! முழங்காலை நீட்டி ஒருவர் ஒரு தடவை உயர்த்தக்கூடிய ஆகக்கூடிய பாரம் எவ்வளவு என்று முதலில் அளந்து, அதில் 80 வீதம் வரை படிப்படியாக ஏற்றி, வாரம் மூன்று நாள் பயிலச் செய்தார். எட்டு வாரம் முடிந்தபோது தொடையின் பலம் சராசரி 174 வீதம் கூடியிருந்தது. இருவர் ஊன்றுகோலைக் கைவிட்டனர்.

இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பலம் இவ்வளவு பெருகியபோதும் தசையின் பருமன் ஏறக்குறைய 9 வீதமே கூடியது. எஞ்சிய பலம் எங்கிருந்து வந்தது? உழைப்பில்லாத காலத்தில் தசைநார்கள் மெலிவதோடு, அவற்றை ஏவி வேலைவாங்கும் நரம்புகளும் அத்தொழிலிற் சோர்ந்துவிடுகின்றன. பயிற்சி தொடங்கியதும் நரம்புகள் உறங்கிய நார்களை மறுபடியும் எழுப்புகின்றன. தசை பருப்பது அதன் பின்னரே. ஆகவே முதுமையின் தளர்ச்சி என்று நாம் கருதுவதில் ஒரு பெரும் பங்கு வயதின் குற்றமன்று, சும்மா இருந்ததன் குற்றம். பயிற்சியை நிறுத்தி நான்கு வாரங்கள் சென்றதும் பலத்தில் 32 வீதம் குறைந்துபோயிற்று என்பதும் இதனையே காட்டுகின்றது.

"நல்ல சத்துணவு கொடுத்தாற் போதாதா?" என்று கேட்கலாம். அதே அறிஞர் 1994இல் நூறு முதியோரைக் கொண்டு இதனையும் சோதித்தார். பயிற்சியின்றிச் சத்துணவு மட்டும் பெற்றவரின் தளர்ச்சி குறையவில்லை.

இனி அக்கராயனுக்கு வருவோம். குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் ஊர். முன்னாளிற் களை பிடுங்கல், அரிவு வெட்டு, சூடடிப்பு என்று குந்தியும் எழுந்தும் சுமந்தும் செய்த வேலைகளே தேகப்பயிற்சியாக இருந்தன. இன்று உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. அதனைக் குறைகூற யாம் ஒருப்படோம். நாள்முழுதும் குனிந்து அரிந்தவரின் முதுகு அறியும் அதன் அருமையை. ஆயினும் வயலுக்கு மோட்டார் சைக்கிளிற் சென்று திரும்புபவரின் தொடைக்கு அன்றைய வேலை கிடைப்பதில்லை.

2008ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்து, பின்னர் மீளக் குடியேறிய இப்பகுதியில், பிள்ளைகளை இழந்தும் தூரதேசங்களுக்கு அனுப்பியும் தனித்து வாழும் முதியோர் உளர். இரவிற் படுக்கையை விட்டு எழுவதும் கிணற்றடிக்குப் போய்வருவதும் பிறர் துணையின்றி முடிந்தாலன்றோ அவர்கள் தம் வளவிலேயே வாழ இயலும்? ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாற் பலருக்கு அந்த வாழ்வு திரும்புவதில்லை.

இதற்குப் பயிற்சிச்சாலை வேண்டியதில்லை. அசையாத கதிரை ஒன்றைச் சுவரோடு சேர்த்து வைத்து, கையை ஊன்றாமல் மெல்ல எழுந்து மெல்ல அமரவேண்டும். ஊன்றாமல் முடியாதவர் முதலில் ஊன்றியே எழலாம். பத்துத் தடவை இலகுவானதும், மணல் நிரப்பிய சிறு பையொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம். மேசை விளிம்பைப் பிடித்துக் குதியை உயர்த்தி நிற்பது நிலைதளராமைக்கு உதவும். மூச்சை அடக்கலாகாது, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தாற் போதும். இருதயநோய், உயர் இரத்த அழுத்தம், முழங்கால் வீக்கம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபின்னரே தொடங்கவேண்டும். செய்யும்போது நெஞ்சு நொந்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலையை நாடுக.