மோட்டார் வண்டியும் உத்தரவாதமும்

விற்பவர் வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்குறுதிகளுள் உத்தரவாதம் என்பது பெருமதிப்புடையது. புதிய மோட்டார் வண்டி ஒன்றை வாங்குவோர் பலர், விலையையும் நிறத்தையும் ஆராய்வதற்கு அடுத்தபடியாக, “எத்தனை ஆண்டு உத்தரவாதம்?” என்றே வினவுகின்றனர். ஆயினும், அந்தப் பத்திரத்தை முற்றாக வாசித்தவர் மிகச் சிலரே. வண்டி ஓடும்வரை அது மேசை லாச்சியிலே உறங்குகின்றது; வண்டி நின்ற பின்னரே வெளியில் எடுக்கப்படுகின்றது. நாம் எண்ணியிருந்தது ஒன்று, அதில் எழுதியிருப்பது வேறொன்று என்பது அப்பொழுதுதான் விளங்குகின்றது. அத்தகைய வேளையில் விற்பனை முகவரோடு நம் உரிமையை எவ்வாறு எடுத்துரைப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பாலையூற்றிலே வாழும் ஒருவர், லீசிங் முறையில் புதிய கார் ஒன்றை வாங்கினார் என வைத்துக்கொள்வோம். உத்தரவாதக் காலம் மூன்று ஆண்டு. எட்டாம் மாதத்திலே கியர் மாறும்போதெல்லாம் வண்டி அதிர்கின்றது. முகவரின் வேலைத்தலமோ கொழும்பில் இருக்கின்றது. அவ்விடத்துக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இருமுறை கொண்டுசென்று பழுதுபார்த்தும் குறை தீரவில்லை. மூன்றாம் முறை முகவர், “இது உற்பத்திக் குறை அன்று, தாங்கள் ஓட்டிய விதத்தால் வந்த தேய்வு. பாகத்தின் விலையைத் தாங்களே தரவேண்டும்” என்கிறார். இவர் குரலை உயர்த்துகிறார். அவர் கையை விரிக்கிறார். மாதத் தவணையோ நிற்பதில்லை. இவர் இனிச் செய்யக்கூடியது யாது?

முதலாவதாக, பத்திரம் எதனை வாக்களிக்கின்றது என்று பார்த்தல் வேண்டும். பெரும்பாலான உத்தரவாதங்கள் பழுதான பாகத்தைத் திருத்திக் கொடுப்போம் அல்லது மாற்றிக் கொடுப்போம் என்ற அளவிலேயே நிற்கின்றன. வண்டியையே மாற்றித் தருவோம் என்பதில்லை. இந்திய உயர்நீதிமன்றம், அதாவது புதுடில்லியிலுள்ள உச்ச நீதிமன்றம், மாருதி உத்தியோக் நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2006ஆம் ஆண்டு இதனையே வலியுறுத்தியது. உத்தரவாத வாசகம் பாகத்தை மாற்றுவதைப் பற்றியே கூறுமாயின், முழு வண்டியையும் மாற்றுமாறு கட்டளையிடுதல் பொருந்தாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

விலக்குகளையும் கவனித்தல் வேண்டும். பிரேக் கட்டை, கிளச் தட்டு முதலிய தேயும் பாகங்கள் பெரும்பாலும் உத்தரவாதத்துக்குப் புறம்பானவை. உப்புக் காற்றால் மேற்பரப்பில் ஏறும் துருவையும் பல பத்திரங்கள் விலக்குகின்றன. துறைமுகத்தை அண்டி வாழ்வோருக்கு இது சிறிய செய்தி அன்று. குறித்த காலத்தில் எண்ணெய் மாற்றிப் பராமரித்தமைக்கான பற்றுச்சீட்டுகளையும் முகவர் கேட்பார். வேறொரு கராஜில் பராமரித்த ஒரே காரணத்தால் உத்தரவாதம் அற்றுவிடுமோ எனின், ஐக்கிய அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மக்னூசன்–மொஸ் சட்டம் அத்தகைய கட்டுப்பாட்டைப் பொதுவாகத் தடுக்கின்றது. நம் நாட்டிலோ கையொப்பமிட்ட பத்திரத்தின் வாசகத்தையே முதலில் நோக்கவேண்டியிருக்கின்றது.

அவ்வாறாயின், பத்திரத்தில் எழுதியது மட்டுந்தான் உரிமையா? அன்று. இதனை விளக்க ஒரு புகழ்பெற்ற வழக்கைக் கூறலாம். 1955ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ஹெனிங்சன் என்பார் தம் மனைவிக்காகப் புதிய பிளிமத் கார் ஒன்றை வாங்கினார். வண்டி கையளிக்கப்பட்ட பத்தாம் நாள், மனைவியார் அதனை ஓட்டிச் செல்கையில், சுக்கானில் ஏதோ முறிந்ததுபோல ஒலி எழுந்தது. வண்டி திடீரெனத் திரும்பிச் சுவரில் மோதியது. அவர் காயமுற்றார். விற்பனைப் படிவத்தின் பின்புறத்திலே, நுண்ணிய எழுத்தில், 90 நாள் அல்லது 4,000 மைல் வரையில் பழுதான பாகத்தை மாற்றிக் கொடுப்பதே தங்கள் பொறுப்பு என்றும், அப்பாகத்தையும் வாங்கியவரே கூலி செலுத்தித் தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும் என்றும் அச்சிடப்பட்டிருந்தது. 1960ஆம் ஆண்டு அம்மாநில உச்ச நீதிமன்றம் இவ்வாசகத்தை ஏற்க மறுத்தது. பெரிய உற்பத்தியாளர் யாவரும் ஒரே வாசகத்தையே வழங்கும்போது வாங்குவோருக்குப் பேரம்பேச இடமில்லை. ஆகவே வண்டி ஓட்டத் தகுந்ததாயிருத்தல் வேண்டும் என்ற உட்கிடையான உத்தரவாதத்தை நுண்ணெழுத்தால் அழித்துவிட முடியாது என்று அது தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும், உட்கிடையான உத்தரவாதம் என்ற கருத்து நமக்குப் புதிதன்று. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம், வாங்குவோர் தம் தேவையைத் தெரிவித்து விற்போரின் திறமையை நம்பி வாங்கும்போது, பொருள் அத்தேவைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்கின்றது. ஆனால், வெளிப்படையான உடன்படிக்கையால் அந்நிபந்தனையை நீக்கவும் கூடும். ஆகவேதான் கையொப்பமிடுமுன் வாசியுங்கள் என்கிறோம்.

பிற்காலத்தில், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை நிறுவப்பட்டது. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள்பற்றிய முறைப்பாட்டை அது விசாரிக்கலாம். விசாரித்தபின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ கட்டளையிடலாம். இங்கே நேயர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அச்சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, முறைப்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும். விற்பனை நடந்த அல்லது சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துள் செய்யப்படவும் வேண்டும். உத்தரவாதம் மூன்று ஆண்டு. முறைப்பாட்டுக்கோ மூன்று மாதம்! இந்த வேறுபாட்டை அறியாது பொறுத்திருந்து வாய்ப்பை இழப்பவர் உண்டு. நம் பாலையூற்று அன்பருக்கு வாங்கிய நாளிலிருந்து எட்டு மாதம் கடந்துவிட்டது. ஆயினும், பழுதுபார்த்தலும் ஒரு சேவையே. கடைசியாகப் பழுதுபார்த்த நாளிலிருந்து மூன்று மாதத்தைக் கணக்கிடவேண்டும் என்று அவர் வாதிக்க இடமுண்டு. அதற்கு அந்த நாளைக் காட்டும் எழுத்து அவர் கையில் இருத்தல் வேண்டும்.

ஆதலின் அவர் சேர்க்கவேண்டிய எழுத்துகள் எவை என்று கூறுவோம். வேலைத்தலத்தார் ‘ஜொப் காட்’ என வழங்கும் வேலைச் சீட்டிலே, “கியர் பழுது” என்று பொதுப்பட எழுதவிடாது, எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ஓடியபின் அதிர்கின்றது என்பதை எழுதச்செய்தல் வேண்டும். தலைமைத் தொழில்நுட்பவியலாளரை வண்டியில் ஏற்றி ஓட்டிக் காட்டுதல் நன்று. வண்டியை ஒப்படைத்த நாளும் திரும்பப் பெற்ற நாளும் சீட்டில் இருத்தல் வேண்டும். முகவர் மறுப்பாராயின், மறுப்பையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கேட்டல் வேண்டும். வாயால் “தேய்வு” எனல் எளிது. கையொப்பமிட்டு எழுதும்போது ஆராய்ந்தே எழுதுவர். கழற்றிய பாகத்தை எறியவிடாது வைத்திருக்குமாறு கோரி, தகுதிபெற்ற மோட்டார்ப் பொறியியலாளர் ஒருவரின் அறிக்கையையும் பெறலாம். வண்டியை மீட்பதற்காகப் பணம் செலுத்த நேரிடின், எதிர்ப்புடன் செலுத்துவதாகப் பற்றுச்சீட்டில் குறித்தல் வேண்டும். முகவர்மீதுள்ள கோபத்தால் லீசிங் தவணையை மட்டும் நிறுத்தலாகாது. அது வேறு ஒப்பந்தம், வண்டியையே இழக்க நேரும்.

அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலம் 1982ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், ஒரே குறையை நான்குமுறை திருத்த முயன்றும் தீராவிடினும், வண்டி மொத்தம் 30 நாள் வேலைத்தலத்தில் கிடப்பினும், வாங்கியவருக்கு மாற்று வண்டியோ பணமோ கேட்கும் உரிமையைக் கொடுத்தது. இலங்கையில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. சட்டம் எண்ணாத இடத்தில் நாமே எண்ணவேண்டும்; அவ்வெண்ணிக்கைக்குச் சான்று வேலைச் சீட்டுகளே.

எழுத்துகள் சேர்ந்தபின், முகவருக்குப் பதிவுத்தபாலில் கடிதம் எழுதி, வேண்டுவது இன்னது, பதிலளிக்கவேண்டிய நாள் இன்னது என்று குறிப்பிடுக. உற்பத்தியாளரின் உள்நாட்டுப் பிரதிநிதிக்கும் பிரதி அனுப்புக. பயனில்லையாயின் அதிகாரசபையை நாடுக; 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விளக்கம் பெறலாம், ஆனால் தொலைபேசிப் பேச்சை மட்டும் நம்பாது முறைப்பாட்டை எழுத்திலே கொடுக்க. மத்தியஸ்த சபையும் குடியியல் நீதிமன்றமும் அதற்கப்பாலுள்ள வழிகள்.

முகவர் சொல்வது யாவும் பொய்யென்று கொள்ளுதலும் தகாது. வண்டியை ஓட்டும் முறையால் வரும் பழுதும் உண்டு. பொறியியலாளரின் அறிக்கை நமக்கு மாறாக அமையுமாயின் அதனை ஏற்றுக்கொள்ளுதலே நேர்மை. எங்ஙனமாயினும், உரத்த குரலுக்கு அசையாத முகவர் நாளும் கையொப்பமும் உள்ள தாளுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆதலின், நேயர்களே, இன்றிரவே லாச்சியைத் திறந்து, உங்கள் உத்தரவாதப் பத்திரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.