பணக்கார வீட்டுக் குப்பைத்தொட்டி 2,300 டாலர்! உங்களுக்குத் தெரியுமா?

'பாரசைட்' படத்தில் வரும் அந்தப் பிரமாண்ட மாளிகையைப் பார்க்க ஆசைப்பட்டு சியோலுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு வீடே கிடையாது! கீழ்த்தளம் வெட்டவெளியில் போட்ட செட். மாடி வேறொரு ஸ்டூடியோவுக்குள். மீதி கிராஃபிக்ஸ்!

ஆஸ்கர் விருதுகளை அள்ளிய இயக்குநர் இன்யாரித்துவே ஏமாந்தார்! 2019 கான் விழாவின் நடுவர் குழுத் தலைவர் அவர்தான். இவ்வளவு கச்சிதமான வீட்டை எங்கே பிடித்தீர்கள் என்று இயக்குநர் பாங் ஜூன்-ஹோவிடம் கேட்டார்!

அந்த மாளிகையின் சமையலறை ஓரத்தில் ஒரு குப்பைத்தொட்டி நிற்கும். நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள். ஜெர்மனித் தயாரிப்பு. விலை 2,300 டாலர்!

படத்தில் வரும் ஏழைகளின் தெருவும் செட்தான். அதை எங்கே கட்டினார்கள் தெரியுமா? ஒரு ராட்சதத் தண்ணீர்த் தொட்டிக்குள்! வெள்ளக் காட்சியில் மொத்தத் தெருவையும் மூழ்கடிக்க வேண்டுமே!

அந்தத் தெருவில் நிஜமான உணவுக் கழிவைக் கொட்டி வைத்தார்கள். ஈயும் கொசுவும் தானாகவே வந்து நடித்துக் கொடுத்தன! திரையில் நாற்றம் தெரியாது. ஆனால் படத்தின் உயிரே அந்த நாற்றம்தானே!

படத்தின் ஏழைக் குடும்பம் வசிக்கும், தரைக்குள் பாதி புதைந்த வீடுகளுக்குக் கொரியாவில் 'பான்ஜிஹா' என்று பெயர். முதலில் அவை மனிதர் குடியிருக்கக் கட்டியவை அல்ல. வடகொரியா தாக்கினால் ஒளிந்துகொள்ளும் பதுங்கு குழிகள்! வீட்டுப் பஞ்சம் வந்தது, குழிக்கும் வாடகை வந்தது. 2020-ல் சியோலில் இப்படிச் சுமார் 2 லட்சம் வீடுகள் இருந்தன!

படம் வெளியான மூன்றே ஆண்டுகளில் நிஜ வெள்ளம் வந்தது. 2022 ஆகஸ்ட். ஒரு பான்ஜிஹாவில் ஒரே குடும்பத்தில் மூன்று உயிர்கள் போயின. அதன் பிறகுதான், இனி இத்தகைய வீடுகளுக்கு அனுமதியே இல்லை என்று சியோல் மாநகர நிர்வாகம் அறிவித்தது!

பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு டியூஷன் எடுக்கப் போகும் கதாநாயகன் யார்? சாட்சாத் பாங் ஜூன்-ஹோவேதான்! கல்லூரிக் காலத்தில் ஒரு செல்வந்தர் வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். சிபாரிசு செய்தது அவருடைய காதலி. அந்த வீட்டுக்குள்ளேயே சானா குளியல் அறை! இரண்டே மாதத்தில் வேலை போய்விட்டது!

எட்டு நிமிடத்தில் வந்துவிடுவோம், சமைத்து வை என்று எஜமானியம்மா போனில் உத்தரவு போடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? அது இரண்டு பாக்கெட் மலிவு நூடுல்ஸ் கலவை. மேலே மட்டும் கொரியாவின் விலை உயர்ந்த மாட்டிறைச்சி! 2020-லேயே நூடுல்ஸ் கம்பெனி அதைக் கப்பில் அடைத்து விற்பனைக்கு விட்டது!

ஏழைகளின் இந்தக் கதைக்குத் துணை நின்று, ஆஸ்கர் மேடையேறிப் பேசிய பெண்மணி மிக்கி லீ யார்? சாம்சங் நிறுவனரின் சொந்தப் பேத்தி!

படத்தின் ஏழைக் குடும்பத்து மகன் சம்பாதித்து அந்த மாளிகையை வாங்க எத்தனை ஆண்டு ஆகும்? பாங் கணக்குப் போட்டே பார்த்தார். 500 ஆண்டுகளுக்கும் மேல்!

நம்ம ஊர்ச் செய்தியும் உண்டு! 'பாரசைட்' 4 ஆஸ்கர் வென்ற கையோடு, இது விஜய்யின் 'மின்சாரக் கண்ணா' கதை, வழக்குப் போடுவேன் என்று கிளம்பினார் தயாரிப்பாளர் பி.எல்.தேனப்பன். 'மின்சாரக் கண்ணா' வந்தது 1999-ல்! ஒரு குடும்பமே உறவை மறைத்துப் பணக்கார வீட்டில் வேலைக்குச் சேருவதும் அதில் உண்டு!

ஏழை-பணக்காரக் கதை சொல்லும் மற்றப் படங்களுக்கும் வருவோம். 'டிரையாங்கிள் ஆஃப் சாட்னெஸ்' படத்தில் கோடீஸ்வரர்கள் வாந்தி எடுத்துப் புரளும் உல்லாசக் கப்பல் நிஜமானது! கிரேக்கக் கப்பல் அதிபர் ஒனாசிஸ் வைத்திருந்த 'கிறிஸ்டினா ஓ' அது. அதற்கும் முன்னால்? இரண்டாம் உலகப் போரில் ஓடிய கனடா நாட்டுப் போர்க்கப்பல்! அதன் நீச்சல் குளத்தின் அடித்தரை மேலே எழும்பி வந்தால் நடன மேடை!

'தி மெனு' படத்தில் ஒரு இலைக்கு 1,250 டாலர். நாயகி கேட்டு வாங்கும் சீஸ்பர்கர் 9.95 டாலர். எது ருசி என்று படம் பார்த்தவர்களைக் கேளுங்கள்! அந்த உணவுகளை வடிவமைத்தவர் டொமினிக் கிரென். அமெரிக்காவில் 3 மிஷலின் நட்சத்திரம் வாங்கிய முதல் பெண் சமையல் கலைஞர்!

'தி ஒயிட் டைகர்' நாவல் எழுதிய அரவிந்த் அடிகா பிறந்தது சென்னையில்! 2008-ல் புக்கர் பரிசு. நாவலை அவர் சமர்ப்பித்தது கல்லூரித் தோழர் ரமின் பஹ்ரானிக்கு. 2021-ல் அதைப் படமாக எடுத்தவர் யார்? அதே ரமின் பஹ்ரானி!